நீல சில்வியா – அத்தியாயம் 14: கார்ப்பெட்டுக்கு அடியில்

"மாமனாரு எதுக்குடி காடியக் கொண்டாந்து மருமக பேர்ல போடறாரு?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கார் மிஷெல் பேருக்கு மாறியபோது, கூட வேலை பார்க்கும் நூர்ஜான் கேட்ட கேள்வி அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கேன்டீனில், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டாள். மிஷெலின் கல்யாணத்துக்கு அப்போது நான்கு நாள்தான் இருந்தது. அவள் வெட்கத்தோடு சிரித்து, "பாசம் லா, வேற என்ன?" என்றாள்.

நூர்ஜான் சிரிக்கவில்லை. "எங்க மாமனாரு எனக்கு ஒரு குடை வாங்கித் தந்ததில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு நெத்திலியைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தாள்.

அந்தக் கேள்வியை மிஷெல் அன்றே மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள். இந்தப் புதன்கிழமை காலையில், ஜெலுத்தோங் வீட்டு போர்ச்சில், நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டு நின்றபோது அது திரும்பி வந்தது.

துண்டிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. மூன்றாவது தடவை பிழிகிறாள்.

போர்ச்சில் இரண்டு கார்கள் மூக்கும் வாலுமாக நின்றன. பின்னால் நீல நிற சில்வியா. முன்னால், போன புதன்கிழமை வந்து சேர்ந்த வெள்ளை 86. ஒன்றை உரித்து மற்றதற்கு உடுத்திக்கொண்டிருந்தான் அவள் புருஷன் டேரில். சில்வியாவின் பந்தய சீட்டுகள் இரண்டும் 86-க்குப் போகின்றன. ஸ்டீயரிங் போகிறது. எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர்கள் போகின்றன. சில்வியாவுக்கு அதன் பழைய சீட்டும் ஸ்டீயரிங்குமே திரும்ப ஏறியிருந்தன. சக்கரங்களையும் மாற்றத்தான் பார்த்தான், போல்ட் துளைகளின் இடைவெளி ஒத்துவரவில்லை. இரண்டு நாள் அதற்காகத் துக்கம் காத்தான்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில். ஒவ்வொரு பையிலும் ஒரு காகித டேப். 'டிரைவர் சீட், முன்.' '86-க்கு.' 'சில்வியாவுக்கே, மறக்காதே.' இத்தனை ஒழுங்கை அவன் வேறு எதிலும் காட்டி மிஷெல் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பம் இன்னும் அலமாரிக்கு மேல் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது.

அப்படிப்பட்டவன், காருக்குள் தண்ணீர் நிற்பதை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

"ஏர்கோன் தண்ணி லா," என்றான் காலையில். "காஞ்சிடும். பின்னாடி கார்ப்பெட்ட மட்டும் தொட்டுடாத. பசை போட்டு ஒட்டியிருக்கு. பிச்சா திரும்ப ஒட்டாது." சொல்லிவிட்டு, சீட்டைப் பொருத்தும் இரும்புத் தண்டவாளம் எடுத்துவர ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான்.

ஏர்கோன் தண்ணீர் முன் சீட்டுக் காலடியில்தானே சொட்டும்? பின் சீட்டுக்கு எப்படி வரும்? நேற்று விடாமல் மழை பெய்தது. மழை பெய்த மறுநாள் மட்டும் ஏர்கோன் சொட்டுமா?

இன்னொன்றும் அவள் மனதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த கையோடு, மாமனார் பாக்கியசாமி சில்வியாவின் பின் கதவருகே... அந்தக் காருக்குப் பின் கதவு கிடையாது, முன் சீட்டை மடக்கித்தான் உள்ளே போக வேண்டும்... அந்த இடுக்கில், வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். இவளைக் கண்டதும் எழுந்து, "தூசு மா," என்றார். கையில் தூசு இல்லை. ஈரம் இருந்தது.

பதினோரு மணிக்கு பஷீரும் அவர் மனைவியும் வருகிறார்கள். காரை வாங்கப்போகிறவர்கள். இங்கிருந்து எல்லாரும் ஒன்றாக, வண்டிப் பேர் மாற்றும் ஜேபிஜே அலுவலகம் போய், மிஷெல் பெருவிரலை வைக்க வேண்டும். காரின் உரிமைப் பத்திரமான கிராண்ட் அவள் பேரில் இருக்கிறது. அவள் விரல் வைக்காமல் கார் கைமாறாது.

நாற்றம் பிடித்த காரையா கொடுப்பது?

அவள் கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பசை ஒன்றும் இல்லை. சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி அது எழுந்து வந்தது.

அடியில் கறுப்புப் பிசின் பூசியிருந்தது. பிசினில் ஒரு நீளக் கோடு. இந்தப் பக்கத்துக் கதவுப் படியிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவுப் படிவரை, காரின் அடித்தளத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்த மாதிரி. நடுவில் பிசின் வெடித்து, முடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசலின் வழியே சிமெண்டுத் தரையின் வெளிச்சம் மெல்லிய நூலாகத் தெரிந்தது.

மிஷெல் முகத்தை விரிசலுக்கு அருகே கொண்டுபோனாள்.

பதினோரு வருஷமாக அவள் செய்யும் வேலை இதுதான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்யூட் போர்டில் கையால் வைத்த ஈயப் புள்ளிகளைப் பார்ப்பது. முடி அளவு விரிசல் எது, வெறும் கீறல் எது என்று அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும். யார் கை வைத்தது என்பதும் தெரியும். நூர்ஜான் வைக்கும் ஈயம் குட்டையாக, தொப்பையோடு இருக்கும். புதிதாக வந்தவர்களின் ஈயம் பயந்து ஒட்டியிருக்கும். பேர் பார்க்காமலே, "இது நூர்ஜான் போர்டு," என்று எடுத்து வைப்பாள். சூப்பர்வைசரே பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்.

அவள் நகத்தால் பிசினைச் சுரண்டினாள். அடியில் பற்றவைத்த தழும்பு. அரை அங்குலம், இடைவெளி, அரை அங்குலம், இடைவெளி. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வரிகள். ஆனால் செதில்கள் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தன. ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் ஒரு சின்ன வால், கொக்கி போல் பின்னோக்கித் திரும்பியிருந்தது.

தலையைத் தூக்கினாள். எதிரே வீட்டு கேட்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தக் கேட்டைத் தேய்த்துச் சாயம் அடிப்பவள் அவள்தான். கொடியும் இலையுமாக வளைத்துப் பற்றவைத்த கேட். அதில் ஒவ்வொரு இலையின் காம்பிலும் அதே செதில், அதே வால். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியசாமியின் கை. இடது கை.

விரிசலுக்குப் பக்கத்தில் நீலச் சாயம் தெறித்த ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயம் அடிக்கும்போது பக்கத்து இடம் கெடாமலிருக்க ஒட்டுவார்களே, அந்த மாதிரி. பாதி கிழித்துவிட்டு மீதியின் மேலேயே பிசினைப் பூசியிருந்தார்கள். மெதுவாக உரித்தாள். கோயில் அறிவிப்புத் தாள். ஞாயிறு பூசையில் கதவருகே கொடுப்பார்களே, அது. ஒரு மூலையில் தேதி, ஆகஸ்ட் பதினான்கு. கீழே 'திருமண ஓலை, இரண்டாம் முறை' என்று இருந்தது.

அதற்கும் கீழே அவள் பேர். டேரில் பேர்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசித்த ஓலையில் இரண்டாவது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரோஜா நிறச் சேலை கட்டியிருந்தாள். பேர் வாசித்தபோது பின் வரிசையிலிருந்து யாரோ இருமினார்கள்.

மிஷெல் நாட்களை எண்ணிப் பார்த்தாள். செப்டம்பர் ஆறாம் தேதிதான் கார் அவள் பேருக்கு மாறியது. கிராண்டில் இருக்கிறது.

அவள் தாளை மடித்து சட்டைப் பையில் வைத்தாள். கார்ப்பெட்டை இருந்த மாதிரியே போட்டாள். பிறகு வீட்டுக்குள் போனாள்.

பாக்கியசாமி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உருகிப்போன ரைஸ் குக்கர் பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

"மாமா, நம்ம சில்வியாவுக்கு நீங்க எப்பவாவது வெல்டிங் பண்ணீங்களா?"

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"யாரு சொன்னா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மிஷெல் அதைக் கவனித்தாள்.

"யாரும் சொல்லல மாமா. வாங்கறவங்க கேட்டா சொல்லணுமே."

"ஓ, அதுவா." அவர் மறுபடி திருகத் தொடங்கினார். "பாலத்துல ஒரு லோரி பின்னாடி வந்து முத்தம் குடுத்துச்சு. சின்ன அடி. நெளிஞ்ச எடத்துல நாலு புள்ளி வெச்சேன், அவ்வளவுதான்."

"எப்ப?"

"உங்க கல்யாணமெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளு கழிச்சு. உனக்கு எதுக்கு பயம் காட்டணும்னு சொல்லல."

"டேரிலுக்குத் தெரியுமா?"

"அவன்தானே ஓட்டுனான்!" என்று சிரித்தார். "போய் சட்டைய மாத்து மா. ஜேபிஜேக்கு இந்த அழுக்குச் சட்டையோடயா வர்ற?"

ஒன்பது வருஷத்தில் அவர் அவள் உடுப்பைப் பற்றிப் பேசியதே கிடையாது.

பத்தரைக்கு டேரில் வந்தான். தோளில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள், முகம் முழுக்கச் சந்தோஷம்.

"பார்த்தியா? 86-க்குன்னே அளந்து அடிச்சது. துளை அப்படியே உட்காருது. சாயங்காலத்துக்குள்ள சீட்டு ஏறிடும்." தண்டவாளத்தை இறக்கி வைத்துவிட்டு 86-இன் கூரையைத் தடவினான். "சில்வியால இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, மிஷ். இதுல முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

"டேரில், சில்வியாவுக்கு எப்பவாவது பின்னாடி அடி பட்டுச்சா?"

"அடியா? ஒரு கீறல் கெடையாது. சத்தியமா."

"லோரி கீரி ஏதாவது?"

"எந்த லோரி?" அவன் உண்மையாகவே விழித்தான். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அப்ப கீழ வெல்டிங் எதுக்கு?"

கூரை மேலிருந்த கை அப்படியே நின்றது.

"கார்ப்பெட்டப் பிச்சியா?"

"தண்ணி நின்னுச்சு."

"தொடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"பசைன்னு சொன்ன. பசையே இல்ல."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான். "துரு லா. ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்ன. அப்பா ஒரு துண்டுத் தகரம் வெச்சுக் குடுத்தாரு. பழைய காடின்னா துரு இருக்காதா? இதுக்குப் போயி..."

ஒரே தழும்புக்கு மாமனார் ஒரு கதை சொன்னார், புருஷன் ஒரு கதை சொன்னான். தொழிற்சாலையில் ஒரு கோளாறுக்கு இரண்டு பேர் இரண்டு காரணம் எழுதினால், மிஷெல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதைத் தேடுவாள்.

"மாமா லோரின்னாரு," என்றாள்.

டேரில் வீட்டு வாசலைப் பார்த்தான். ஜன்னல் திரை லேசாக அசைந்தது.

"இந்தக் காடிய நீ ஒன்பது வருஷமா பிரிச்சுப் பிரிச்சு மாட்டுற. பைக்குப் பை பேரு எழுதி வெக்கிற. இங்கேருந்து அங்க வரைக்கும் ஒரு கோடு போகுது. அது துருன்னு என்கிட்ட சொல்லாத."

அவன் குரல் தாழ்ந்தது. "சரி. வெட்டி ஒட்டினதுதான். போதுமா?"

மிஷெலுக்கு அந்த வார்த்தை தெரியும். ஜப்பானில் கழித்துவிட்ட கார்களைப் பாதியாக வெட்டி, உதிரி சாமானாகக் கப்பலில் இறக்குவார்கள். எஞ்சினுக்காக அதை வாங்குகிறவர்கள் பலர். ஆனால் ஒரு சிலர், ஒரு காரின் முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் பற்றவைத்து, ஒரே நம்பரில் முழுக் காராக ஓட்டுவார்கள். அது சட்டப்படி கூடாது. பிடிபட்டால் விசாரணை கிராண்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்களைத்தான் தேடி வரும்.

"என் பேரு," என்றாள் மெதுவாக.

"அதான் சொல்றேன்! இன்னிக்கு நீ விரல வெச்சா, அது உன் பேர்லேருந்து போயிடும். உன் நல்லதுக்குத்தான் இவ்வளவு அவசரமா ஆள் பிடிச்சேன். விரிசல் விட ஆரம்பிச்சிடுச்சு, மிஷ். ஒட்டு இனிமே ரொம்ப நாளு நிக்காது. வெக்கலன்னா, நாளைக்கு எவனாவது அதிகாரி நிறுத்திக் கார்ப்பெட்டத் தூக்கினா யாரக் கேப்பான்? என்னையா? அப்பாவையா?"

கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா? அவன் கண்ணில் இரண்டும் இருந்தன.

அவள் பதில் சொல்வதற்குள் கேட்டுக்கு வெளியே ஹார்ன் கேட்டது.

பஷீர் சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர். முப்பது வயது இருக்கும். நீல சில்வியாவைப் பார்த்ததுமே பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆகிவிட்டார். "அண்ணே, பானெட்ட ஒரு தடவ திறங்கண்ணே," என்று டேரிலை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் மனைவி சித்தி ஹாஜரா வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெதுவாக இறங்கினாள். ஆறு மாசம் இருக்கும்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. ஒரு வாரமா இவருக்குத் தூக்கமே இல்ல. எனக்குப் பிரசவம்னாகூட இப்படி நகத்தக் கடிக்க மாட்டாரு."

மிஷெல் சிரிக்க முயன்றாள்.

"நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன்," என்றாள் ஹாஜரா. "ஸ்போர்ட்ஸ் காடி வாங்கு, வேணாங்கல. ஆனா பேபி சீட் மாட்ற காடியா இருக்கணும்னேன். இதுல பின்னாடி சீட்டு இருக்கு இல்ல? மாட்டலாமாக்கா?"

முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின் சீட்டில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். விரிசல் அவள் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து டேரில் மிஷெலையே பார்த்தான். லேசாகத் தலையசைத்தான். 'ஆமாம்னு சொல்லு.'

"இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க," என்று ஹாஜரா குரலைத் தாழ்த்தினாள். "வெட்டி ஒட்டின காடி இல்லையே? எங்க பெரியப்பா மகன் ஒருத்தரு தெரியாம வாங்கிட்டாரு. கோலாலம்பூருக்குப் போற வழியில காடி நடுவுல தொங்கிடுச்சு. நான் பயந்தேன். இவருதான் சொன்னாரு, விளம்பரத்துலயே 'லேடி ஓனர்'னு போட்டிருக்கு, பொம்பளை பேர்ல இருந்த காடி, நல்லாப் பாத்து வெச்சிருப்பாங்கன்னு."

லேடி ஓனர்.

விளம்பரத்தை மிஷெல் பார்க்கவில்லை. டேரில்தான் போட்டான். பேர் மட்டும் அவளுடையது.

ஒரு பெருவிரல். அரை நிமிஷ வேலை. அதற்குப் பிறகு இந்த விரிசல் ஹாஜராவுடையது. குழந்தை பிறந்தால் அதனுடையதும்.

உள்ளே, ஜன்னல் திரைக்குப் பின்னால், மாமனார் நிற்பது தெரிந்தது.

"ஹாஜரா, கொஞ்சம் இந்தப் பக்கம் வா மா," என்றாள் மிஷெல்.

"மிஷ்," என்றான் டேரில்.

அவள் குனிந்து கார்ப்பெட்டைப் பிடித்தாள். இழுத்தாள். அது மறுபடியும் சொன்ன பேச்சுக் கேட்டு எழுந்து வந்தது.

பஷீர் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. ஆசையெல்லாம் வடிந்து முகம் சட்டென்று கடைக்காரர் முகமாக மாறியது.

"டேரில் அண்ணே, என்ன இது?"

டேரில் பானெட்டைச் சாத்தினான்.

ஹாஜராதான் பேசினாள். மிஷெலின் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க நல்லா இருக்கணும்," என்றாள். "நீங்க விரல வெச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

பஷீர் மனைவியைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். டேரிலிடம், "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. ஆனா என் கடைப்பக்கம் வந்துடாதீங்க," என்றார். போய்விட்டார்.

கேட் திறந்தே கிடந்தது.

"திருப்தியா?" டேரில் கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தான். "வந்தவன் தலைமேல வெச்சுக்கிட்டுப் போறேன்னான். விட்டியா? இனிமே அந்தக் காடி உன் தலையிலதான்!"

"ஒன்பது வருஷமா என் தலையிலதான் இருக்கு. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"உன்ன யாரு இப்ப என்ன பண்ணிட்டா? ஒரு தடவ யாராவது உன்னக் கேள்வி கேட்டாங்களா? ஜாலியா ஓட்டிக்கிட்டுத்தானே இருந்த?"

"ஓட்டினேன். எங்க அம்மா அப்பாவ ஏத்திக்கிட்டு ஓட்டினேன். சுங்கை பட்டாணி வரைக்கும் ஓட்டினேன்."

பாக்கியசாமி வாசலில் வந்து நின்றார். "ரோட்டுல போறவன் காதுல விழுது. உள்ள வாங்க."

"இல்ல மாமா. இங்கயே பேசலாம். பண்ணது இங்கதானே?"

மிஷெல் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். இவ்வளவு நேரம் பையிலிருந்து வியர்வையில் அது நெகிழ்ந்திருந்தது. டேரிலின் முன்னால் நீட்டினாள்.

"கல்யாணத்துக்கு ரொம்ப நாளு கழிச்சுன்னு மாமா சொன்னாரு. ரெண்டு மூணு வருஷம்னு நீ சொன்ன. இது சாயத்துல ஒட்டியிருந்துச்சு. படி."

டேரில் படித்தான்.

"பழைய தாளு ஏதாவது கையில கெடச்சிருக்கும்..."

"இந்த வீட்டுலயா? ஒரு மாசத்துப் பேப்பர் இந்த வீட்டுல தங்குமா? மாமா கட்டிப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுருவாரே. இது நம்ம ஓலை, டேரில். நம்ம ஓலைய வாசிச்சிட்டு வந்து, இதையே ஒட்டி, ஒட்டுன எடத்துக்குச் சாயம் அடிச்சிருக்கீங்க. மூணு வாரத்துல என்னக் கூட்டிட்டுப் போய் விரல் வெக்க வெச்சீங்க."

பக்கத்து வீட்டு நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு ஓய்ந்தது.

"கோயில் ஹால்ல எல்லார் முன்னாடியும் மாமா மைக்கப் பிடிச்சு, 'என் மருமகளுக்கு என் பரிசு'ன்னு சொன்னாரு. நான் அழுதேன். அப்புறம் நீ என் காதுல, 'ஐடியா என்னுது'ன்னு சொன்ன. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தெரிஞ்சுக்கிட்டு என் பேர்ல போடச் சொன்னது யாரு?"

டேரில் தரையைப் பார்த்தான். 86-இன் சக்கரத்தைப் பார்த்தான். '86-க்கு' என்று எழுதிய பையை எடுத்து, எதற்கென்று தெரியாமல், மறுபடி கீழே வைத்தான்.

"அப்பாதான்," என்றான்.

பாக்கியசாமியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"காடி முதல்ல அப்பா பேர்லதான் இருந்துச்சு, உனக்கே தெரியும். என் பேர்ல அவ்வளவு டிராஃபிக் சம்மன் பாக்கி. பின்பாதிய ஒட்டி முடிச்சதும் அவருதான் சொன்னாரு. உன் பேர்ல போட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு. நான் வேணாம்னுதான் சொன்னேன், மிஷ். சத்தியமா."

இன்று காலையிலிருந்து இது அவனுடைய இரண்டாவது சத்தியம். முதலாவது, ஒரு கீறல்கூட இல்லை என்பது.

மிஷெல் மாமனாரைப் பார்த்தாள். "மாமா?"

அவர் இடது கையை நீட்டினார். தாளைக் கேட்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆனது. கொடுத்தாள்.

மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. முதலில் அவள் பேர். பிறகு மகன் பேர். பிறகு தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மிஷெலுக்குப் புரிந்திருக்கும். அது கோபம் இல்லை. கணக்கில் வராத ஏதோ ஒன்றைப் பார்க்கிற மாதிரி, நெடுநேரம், அவன் கண்ணை எதிர்பார்த்துப் பார்த்தார்.

டேரில் நிமிரவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றான் தரையைப் பார்த்தபடி. "நீங்கதானே சொன்னீங்க?"

பாக்கியசாமி தாளை நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டார்.

"மாமா, அத எனக்குத் திருப்பிக் குடுங்க," என்றாள் மிஷெல்.

அவர் சுவரோரம் சாத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார். ஹெல்மெட்டை மாட்டினார். சுவருக்கும் கார்களுக்கும் நடுவே இருந்த சந்தில், எதன்மீதும் உரசாமல், மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனார்.

"அப்பா! எங்க போறீங்க?"

கேட்டுக்கு வெளியே போய் மோட்டாரை உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் போனால் அவர் தினமும் தேத்தண்ணீர் குடிக்கும் கடை, கோயில், தெரிந்த மனிதர்கள் எல்லாம். அவர் இடப்பக்கம் திரும்பினார்.

டேரில் செருப்பில்லாத காலோடு கேட்டுவரை ஓடினான். பாக்கியசாமி அந்தத் தாளோடு தெருமுனையைத் தாண்டினார்.